ஆரத்தி எடுத்தவர்களின் பட்டியல்

வாக்கு எண்ணிக்கை நாளன்று காலை பதினோரு மணிக்கே நாங்கள் தோற்றுவிட்டோம் என்பது தெரிந்துபோயிற்று. நான் டிவியை அணைக்கவில்லை. அணைத்தால் பயந்துவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. வீட்டில் நானும் நாலு வயது மகளும் மட்டும்தான் விழித்திருந்தோம். அவள் இட்லியைப் பிய்த்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒரு வாய் தின்னவில்லை. ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த என் கணவர், தெருவில் வெடித்த பட்டாசில் எழுந்து வந்தார்.

"என்ன தலைவி, யாரு ஜெயிச்சது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"நம்ம ஏரியா பூரா உங்களுக்குத்தான்னு சொன்னியே. நோட்டெல்லாம் பச்சப் பசேல்னு கெடந்துச்சே, வயக்காடு மாதிரி."

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. அந்த நோட்டைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும்.

நான் பழமையை விரும்புகிறவள். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன், இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. ஒன்றை இடிப்பதற்கு முன் அது ஏன் கட்டப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இலவசமாகக் கொடுத்து ஒரு சமூகத்தை நிமிர்த்திவிட முடியாது என்றும், நாட்டைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தணிய வேண்டும் என்றும் நம்புகிறேன். இதையெல்லாம் எங்கள் கட்சி சொன்னது. அதனால் அதில் வேலை செய்தேன்.

தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். வாக்காளர் பட்டியலில் ஆளுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்து வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் குறி போட வேண்டும். நமக்குப் போடுவார்கள் என்றால் பச்சை, மாட்டார்கள் என்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் நீலம். மூன்று பேனாவும் ஒரு நோட்டும் தந்தார்கள். நான் படித்தவள் என்று எனக்கு மட்டும் நாலு பக்கம். படித்தவள் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் எந்த வேலையையும் மறுக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைத்த காலத்திலிருந்து இந்த வியாதி இருக்கிறது.

எங்கள் வேட்பாளர் அரியலூரில் எங்கள் பகுதிக்கு ஓட்டுக் கேட்டு வந்த அன்று ஒவ்வொரு முனையிலும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மற்றக் கட்சிக்காரர்கள் அந்தத் தட்டில் ரூபாய் நோட்டுப் போடுவார்கள் என்பது ஊரறிந்தது. எங்கள் வேட்பாளர் போடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. காசு இல்லாமலே தட்டு எடுக்கிறார்களே, இது மனசிலிருந்து வருவதுதானே என்று நினைத்தேன். வண்டிக்குப் பின்னாலேயே நடந்து, தட்டு எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பச்சைக் குறி போட்டேன். அவள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்துப் போட்டேன்.

ஆயாம்மாவுக்கு மட்டும் இரண்டு குறி.

ஆயாம்மா என்பது என் மகள் படிக்கும் நர்சரிப் பள்ளியின் ஆயா. ஐம்பது வயதிருக்கும். அவர்கள் வீட்டார் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது அவர் தம்பி எலக்ட்ரீஷியன், மகள் நர்சிங் முடித்தவள். என் மகளுக்கு இழுப்பு உண்டு. திடீரென்று நெஞ்சு விசில் அடிக்கும், உதடு வெளுக்கும். மருந்தை உறிஞ்ச அந்தப் பிளாஸ்டிக் குழாயை முகத்தில் வைத்தால் கையைக் காலை உதறுவாள். டீச்சர்கள் பயந்து என்னைப் போனில் கூப்பிடுவார்கள். ஆயாம்மா கூப்பிடமாட்டார். மடியில் போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்தபடி ஒரு காக்கா கதை சொல்வார். கதை முடியும்போது பத்து மூச்சு முடிந்திருக்கும். அவர் இல்லையென்றால் நான் குழந்தையைப் பள்ளிக்கே அனுப்பியிருக்கமாட்டேன்.

அந்தப் பள்ளியின் தாளாளர்தான் எங்கள் பகுதியில் கட்சிப் பொறுப்பாளர்.

தோற்ற மறுநாள் காலை தெரு முழுக்கப் பட்டாசுக் காகிதம். ஜெயித்தவர்கள் பெரியாஸ்பத்திரி வாசல் என்றுகூடப் பார்க்காமல் ஸ்பீக்கர் வைத்துக் குத்தாட்டம் போட்டார்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என் போனுக்குள் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலையில் பாரத மாதா படத்தோடு வணக்கம் வைத்தவர், அதற்குக் கீழேயே "இந்த ஜனங்களுக்கு இதான் லாயக்கு" என்று எழுதியிருந்தார். "சோத்துக்கு ஓட்ட விக்கிற கூட்டம்" என்றார் இன்னொருவர். "அந்தத் தெரு ஆளுங்க புத்தி தெரிஞ்சதுதானே" என்று எழுதியவர் முந்தின மாதம் ஆயாம்மா வீடு இருக்கும் அந்தத் தெருவில் என்னோடு உட்கார்ந்து மோர் குடித்தவர். ஒவ்வொன்றுக்கும் கீழே கைதட்டும் படங்கள். நானும் ஒன்றுக்குக் கைதட்டினேன். எதற்கு என்று பார்க்காமல் தட்டிவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். பார்த்துத்தான் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் கூட்டம். கோடை விடுமுறை என்பதால் எல்.கே.ஜி. வகுப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரிய பெரிய ஆட்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, காகிதத்தில் மிக்சர் தின்றுகொண்டே நாட்டுக்காகக் கவலைப்பட்டார்கள். சுவரில் மூன்று வண்ணத்தில் இந்திய வரைபடம். அதில் நம் ஊர் இருக்குமிடத்தில் யாரோ ஒரு பிள்ளை ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"நோட்டு கொண்டாந்தியா தங்கச்சி?" என்றார் தாளாளர்.

கொண்டுபோயிருந்தேன். மழை பட்டுவிடக் கூடாது என்று பாலிதீன் உறைக்குள் போட்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கொண்டுபோயிருந்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"பாருங்க சார். எல்லாம் பச்ச. ஆனா பெட்டில விழுந்தது இதுல கால்வாசி கூட இல்ல. அப்ப என்ன அர்த்தம்? நம்ம மொகத்தப் பாத்து வாக்கு குடுத்துட்டு ஏமாத்திருக்கானுங்க. செவப்புக்காரன் எதிரி. அவனக் கூட மதிக்கலாம். இந்தப் பச்சக்காரன் இருக்கான் பாரு, இவன்தான் துரோகி."

ஒவ்வொரு பெயராகப் படித்தார். படிக்கப் படிக்க ஒருவர் சிரித்தார், ஒருவர் வைதார். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது, எங்கேயும் தடுமாறாமல் படித்தார். ஆயாம்மா பெயரில் நின்றார்.

"இதுக்கு ரெண்டு டிக்கா? நம்ம ஸ்கூல் ஆயா!" அவர் போனை எடுத்துக் காட்டினார். ஜெயித்தவர்களின் வெற்றி ஊர்வலப் படம். வேட்பாளருக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு ஆயாம்மா, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். "நம்ம சம்பளம், அவனுக்கு ஆரத்தி. ஸ்கூல் தொறந்தா அந்தம்மா வர வேணாம்னு சொல்லிடுங்க."

நான் நோட்டை வாங்கி மறுபடி உறைக்குள் போட்டேன். கடைசியில் எழுந்து எல்லோரோடும் சேர்ந்து நாட்டுக்கு வாழ்க சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் படத்தில் இருந்தது அதே தட்டு. எங்கள் வேட்பாளருக்கு எடுத்த தட்டு. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெருவுக்கு யார் வந்தாலும் எடுப்பார்கள். மூன்றாவது கட்சிக்காரருக்கும் எடுத்திருப்பார்கள். கலெக்டர் வந்தாலும் எடுப்பார்கள். வாசலுக்கு வந்து நிற்கிறவரை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்பது வழக்கம். வழக்கங்களைக் காக்க வேண்டும் என்று வீடு வீடாகப் பேசிய எனக்கு அந்த வழக்கம் என்ன என்பது தெரியவில்லை. அதை ஓட்டாக எண்ணிப் பச்சை போட்டேன். சிவப்புப் போட்டிருந்தால் ஆயாம்மாவை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அன்பைக் காட்ட நான் போட்ட இரண்டு குறிதான் அவர் வேலையைத் தின்றது.

மூன்று நாள் சமையலறையில் இதையே பேசிக்கொண்டிருந்தேன். சொல்லலாமா, சொன்னால் என்னைத் துரோகி என்பார்களா, சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று.

"போயி சொல்றதுன்னா சொல்லு," என்றார் கணவர். "இல்லன்னா கொழம்புல உப்பாவது ஒழுங்காப் போடு."

போனேன். தாளாளரிடம் நின்றபடியே சொன்னேன். "சார், தப்பு என்னோடது. அவங்க யாரும் ஓட்டுப் போடறேன்னு எங்கிட்டச் சொல்லல. ஆரத்தி எடுத்தவங்களுக்கெல்லாம் நானா பச்ச போட்டுட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எம்.எஸ்ஸி.தானே படிச்ச?"

"ஆமாங்க சார்."

"நான் நாட்டப் பத்திப் பேசிட்டிருக்கேன். நீ ஒரு ஆயாவப் பத்திப் பேசற." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "சரி, நீ வந்து கேட்டதுக்காக ஒண்ணு பண்றேன். அந்தம்மா கோயிலுக்கு வந்து, எரியற கற்பூரத்த அடிச்சு, நமக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்ணட்டும். மறுநாளே வேலைக்கு வரட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் அதிகம் கூசுகிறது. அவர் சொன்னது நியாயமாகப் பட்டது எனக்கு. நன்றி சொல்லிவிட்டு அங்கிருந்து நேரே ஆயாம்மா வீட்டுக்கு நடந்தேன், நல்ல செய்தி கொண்டுபோகிறவள் மாதிரி.

ஆயாம்மா வாசலில் உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து சேதி வந்துவிட்டதாம், தா.பழூரில் தங்கை வீட்டுக்கு நடவுக்குப் போகிறாராம். முப்பது வருஷமாகச் சேற்றில் கால் வைக்கவில்லை, இடுப்பு குனியுமா என்று தெரியவில்லை என்று சிரித்தார். நான் தாளாளர் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கற்பூரமா?"

"ஒரு நிமிஷம் ஆயாம்மா. சொல்லிட்டு வந்துட்டா முடிஞ்சுது."

"என்னம்மா சொல்றீங்க? எம் மவளுக்குக் காய்ச்சல்னு நான் கற்பூரம் ஏத்திருக்கேன். உங்க பாப்பாவுக்கு மூச்சு முட்டுனப்ப ஏத்திருக்கேன், உங்களுக்குக் கூடத் தெரியாது. ஓட்டு போட்டியா போடலையான்னு கேக்கறதுக்கா சாமி? போட்டிருந்தாலும் பண்ண மாட்டேன், போடலன்னாலும் பண்ண மாட்டேன். போயி சொல்லுங்க உங்க சாருகிட்ட."

நான் உட்கார இடமில்லாமல் நின்றேன். சாமியைக் காப்பதாகச் சொல்லித்தான் நாங்கள் ஓட்டுக் கேட்டோம். அந்தச் சாமியைப் பொய் பிடிக்கும் கருவியாக்கி, அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்திருப்பவள் நான். அதைச் சாமியாகவே வைத்திருப்பது, நான் படித்தவர்கள் பட்டியலில் சேர்க்காத இந்த அம்மாள்.

நாடு நாடு என்று நாங்கள் சொன்னபோது என் மனத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப்பார்த்தேன். எல்லைக்கோடு இருந்தது, கொடி இருந்தது, பனியில் நிற்கும் சிப்பாய் இருந்தார். என் நோட்டின் நாலு பக்கத்தில் இருந்தவர்கள் அதில் இருந்ததாக நினைவில்லை. ஓட்டுப் போட்டால் நாட்டு மக்கள், போடாவிட்டால் கூட்டம். இப்படி ஒரு தேசபக்தியை என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதே நேரம், அடுத்த தேர்தலிலும் நான் அதே சின்னத்துக்குத்தான் போடுவேன் என்று நினைக்கிறேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அதுவும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

"பாப்பாவ அந்த ஸ்கூலுக்கு இனிமே அனுப்பல ஆயாம்மா," என்றேன். முடிவு செய்யாமலே வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் முடிவானது.

"அது உங்க இஷ்டம். எங்க அனுப்புனாலும் அந்தக் கதையக் கத்துக்குங்க. குழாய வச்சா 'மூச்சு இழு, மூச்சு இழு'ன்னு அதட்டாதீங்க, அதான் பயப்புடுது." அவர் எழுந்து நின்று, பிளாஸ்டிக் குழாய் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு காக்கா கதையை முதலிலிருந்து கடைசி வரை எனக்குச் சொன்னார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் காக்கா பறக்க வேண்டும் என்று சொன்னார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்.

புறப்படும்போது பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் அந்த ஆரத்தித் தட்டு சுவரில் சாய்ந்திருந்தது, ஓரத்தில் மஞ்சள் கறையோடு. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அடுத்த தடவ வந்தாலும் எடுப்பேன்," என்றார். "வாங்க. நோட்ட மட்டும் எடுத்துட்டு வராதீங்க."