சரோஜா அக்காவைக் கூப்பிட்ட கம்பியூட்டர்

பேய், சாமியாட்டம், குறி சொல்றது, எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இப்பவும் கிடையாது, நீங்க சிரிச்சாலும் பரவால்ல, ஆனா மலேசியாவுல சி ரூசா பக்கம் எங்க தோட்டத்துக் கோயில்ல அன்னிக்கு நடந்தத என் ரெண்டு கண்ணால பாத்தேன் லா.

தொண்ணூறுகளோட கடைசி அது. சிரம்பான்ல கம்பியூட்டர் கடையில வேலை எனக்கு. எங்க மாரியம்மன் திருவிழாவுக்கு எந்த வீடு சக்தி கரகம் எடுக்கறதுன்னு வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கித்தான் பாப்பாங்க, வருஷா வருஷம் கள்ளச்சீட்டுன்னு அடிதடியும் நடக்கும். நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "கம்பியூட்டர்ல குலுக்குவோம், அதுக்கு மாமன் மச்சான் கிடையாது"ன்னுட்டேன். இன்டர்நெட் பக்கம் எழுதற மொழி அப்பத்தான் கத்துக்கிட்டிருந்தேன், அந்தத் திமிரு வேற. பட்டனை அமுக்குனா கம்பியூட்டர் ஒரு நம்பர் எடுக்கும், வீட்டு நம்பரும் அதுவும் ஒண்ணான்னு ஒப்பிட்டு அந்த வீட்டுக்காரங்க பேரைக் காட்டும், அவ்வளவுதான்.

சரோஜா அக்கா காலையிலேயே தலைக்குக் குளிச்சு மஞ்சள் சேலையில முன்னாடி வந்து நின்னுட்டாங்க. லோரி மோதி, இனி நடக்கவே மாட்டாருன்னு டாக்டருங்க கைவிரிச்ச அவங்க வீட்டுக்காரரு எழுந்து நடந்துட்டாரு, அதுக்குக் கரகம் எடுக்கறதா வேண்டுதல். அடுத்த மாசம் நீலாய்க்கு வீடு மாறுறாங்க, இந்த வருஷம் விட்டா விட்டதுதான். "பாப்பா, என் வீடும் உள்ள இருக்குல்ல?"ன்னு கேட்டாங்க. "இருக்குக்கா"ன்னு சொன்ன பிறகுதான் எனக்குப் பக்குன்னுச்சு. நாங்கல்லாம் புது வீட்டுக்குப் போயிட்டோம், எங்களுக்கு வெறும் நம்பர். அக்கா மட்டும்தான் இன்னும் பழைய லயத்து வரிசை வீட்டுல. முதல் டிவிஷன், E லயம், ரெண்டாவது வீடு, தோட்டத்துல ஆள மேய்க்கற மண்டோர் கதவுல எழுதி வச்சது 1E2. என் குலுக்கல்ல எழுத்து வரவே வராதே! அலாமாக், நிறுத்துங்கன்னு வாயத் திறக்கறதுக்குள்ள பூசாரி மவுச அமுக்கிட்டாரு.

1E2, சரோஜா.

சத்தியமா சொல்றேன், அப்படித்தான் வந்துச்சு. உறுமி பொளந்து கட்டுது, பொம்பளைங்க குலவை போடுறாங்க, அக்கா அழுதுகிட்டே சிரிக்கறாங்க, அவங்க வீட்டுக்காரரு கைத்தடியத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஆட்டம் போட்டாரு பாருங்க, கூட நானும் ஆடுனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் கடையில, கூட வேலை செய்யற குமார் என் புரோகிராமப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். நடுவுல E இருந்தா இந்த மொழி அத எழுத்தா நினைக்காதாம், 1E2-ன்னா ஒண்ணு போட்டு ரெண்டு சைபர், அதாவது நூறாம். "நூறு விழுந்திருக்கும், அது 1E2-வும் நூறும் ஒண்ணுன்னுடுச்சு, போ"ன்னான். அப்பாடான்னு இருந்துச்சு.

அப்புறந்தான் யோசிச்சேன். எங்க புது வீடு மொத்தமே எண்பதுதான், எண்பதுக்குள்ளதான் எடுக்கணும்னு நானே எழுதியிருந்தேன். கை வலிக்க அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன், ஒரு தடவகூட எண்பதத் தாண்டல.

திருவிழா வந்தா அக்கா இன்னமும் போன் பண்ணி, "நீதான் பாப்பா என்னைக் கூப்பிட்ட"ம்பாங்க. நான் கூப்பிடலயே லா.