சபாபதி வீட்டுப் பரீட்சை

இரண்டாவது விசில் வந்ததும் சபாபதி அடுப்பை அணைத்துவிட்டார். பருப்புக்கு மூன்று விசில் என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு. மூன்றாவது விசிலுக்கு வேண்டிய சூடு குக்கருக்குள்ளேயே இருக்கிறது, அதற்குத் தனியாக எரிவாயு எதற்கு என்பது சபாபதி கணக்கு. அணைத்த கையோடு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரெண்டு விசிலு ஆயிடுச்சி. பத்து கேள்வி முடிஞ்சிருக்கணுமே?" கொடியில் தொங்கிய ஈரத் துணிகளுக்கு நடுவிலிருந்து, "பன்னெண்டுப்பா" என்று பதில் வந்தது.

பதில் சொன்னது வெண்மதி. ஒரே மகள், பதினேழு வயது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. சிதம்பரம் கனகசபை நகரில் உள்ள இந்த வாடகை வீடுதான் அவளுடைய வகுப்பறை. தலைமையாசிரியர், வாத்தியார், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லாம் சபாபதியே. வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவர், கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பதினாறு வருடம் ஷிப்டு பார்த்தவர். ஊரடங்கு நேரத்தில் வேலை போய் வீட்டுக்கு வந்தார். அப்போது மகளும் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருந்தாள். சும்மா இருந்த இருவரும் சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் அந்த ருசி விடவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பத்தாம் வகுப்பை முடித்தாயிற்று. இந்த வருடம் பன்னிரண்டும் நீட் தேர்வும் சேர்ந்தாற்போல் வருகின்றன.

வீட்டில் சம்பாதிப்பது மனைவி மாலதி. கடலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். காலை ரயிலில் திருப்பாதிரிப்புலியூர் போய் இறங்கி, சாயங்கால ரயிலில் திரும்புகிறார். ஒரு சம்பளத்தில் மூன்று பேர் மானமாக வாழ்வது எப்படி என்று யாராவது பட்டப்படிப்பு நடத்தினால் சபாபதியை விட்டால் வேறு பேராசிரியர் கிடைக்க மாட்டார்.

"எதுக்கு ஜாஸ்தி?" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. கடைக்காரர் பை கொடுத்தாலும் சொல்வார், விருந்துக்குப் போன இடத்தில் இரண்டாவது பாயசத்துக்கும் சொல்வார். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பலாப் பழக் காலத்தில் பண்ருட்டிக்கே பேருந்து ஏறிப் போய், லாரியில் ஏற்றாமல் ஒதுக்கிய பழமாகப் பார்த்து ஒன்றைத் தோளில் சுமந்து வருவார். பழம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கொட்டை மூன்று வாரத்துக்கு, சாம்பாராகவும் பொரியலாகவும் சுட்டும், மாலதி கையெடுத்துக் கும்பிடும்வரை ஓடும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றுகூட இந்த வீட்டில் குப்பைக்குப் போனதில்லை. ஒவ்வொரு தாளின் முதுகிலும் ஒரு சமன்பாடு ஏறும். முன்பக்கம் கரிநாள், பின்பக்கம் கந்தக அமிலம் தயாரிக்கும் முறை.

சமையலும் பாடமும் அவருக்கு வேறு வேறு இல்லை. தக்காளியைக் குறுக்கே அரிந்து நீட்டினால், உள்ளே விதை ஒட்டியிருக்கும் விதத்தைப் பார்த்து, "அச்சு சூல் ஒட்டு" என்று வெண்மதி சொல்ல வேண்டும். வெள்ளரிக்காய் என்றால் சுவர், பட்டாணி என்றால் விளிம்பு. சரியாகச் சொன்ன பிறகுதான் காய் சட்டிக்குள் போகும். மீன் வாங்குகிற அன்றைக்கு விலங்கியல். கழுவித் தருகிறேன் என்று கடையில் கேட்பார்கள், வேண்டாம் என்று முழுசாக வாங்கிவந்து மகளிடம் கொடுத்துவிடுவார். செவுள் எது, இதயத்துக்கு எத்தனை அறை என்று அவள் சொல்லிக்கொண்டே ஆய்ந்து முடிக்கும்போது குழம்பு கொதித்திருக்கும். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற அக்கம்பக்கத்துக்காரர்கள், தங்கள் பிள்ளைக்கு வேதியியலில் சந்தேகம் வந்தால் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

ஆனால் சபாபதி மனதுக்குள் பெரிதாகப் பெருமைப்பட்டது வேறொரு கண்டுபிடிப்புக்கு. அதற்குப் பெயர் புள்ளி.

நீட் தேர்வில் விடையை எழுத வேண்டியதில்லை. தனியாகக் கொடுக்கும் ஓ.எம்.ஆர். தாளில் சரியான வட்டத்தைப் பேனாவால் நிரப்பினால் போதும். சபாபதி அப்படி ஒரு தாளை வாங்கினார். ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு பரீட்சை, பரீட்சைக்கு ஒரு தாள் என்று வாங்கிக்கொண்டிருக்க அவரால் முடியுமா? வட்டத்துக்குள் பென்சிலால் ஒரு புள்ளி வை, திருத்தியதும் அழித்துவிடலாம் என்றார். இரண்டு வருடம் அந்த ஒரே தாள் தாக்குப்பிடித்தது. ரப்பர் பட்டுப் பட்டு அது பழைய வேட்டி மாதிரி மிருதுவாகிவிட்டது. இடையில் ஒரு நாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது அவருக்கு இன்னொரு வெளிச்சமும் கிடைத்தது. வட்டத்தை நிரப்ப நான்கு நொடி, புள்ளி வைக்க ஒரு நொடி. நூற்றெண்பது கேள்விக்கு ஒன்பது நிமிடம் மிச்சம். "ஒம்போது நிமிஷத்துல ஆறு பிசிக்ஸ் கணக்கு போட்டுர்லாம்டா," என்று மகளிடம் சொன்னார். தாளை மிச்சப்படுத்த வந்த வழி, எப்படியோ தேர்வெழுதும் முறையாகவே ஆகிவிட்டது. அதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் மாலதி ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்தார். நாமக்கல் பக்கம் விடுதியோடு சேர்ந்த ஒரு பயிற்சி மையம், டிசம்பரில் சேர்க்கிறார்கள். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று. மாலதிக்கு மகளின் படிப்பில் சந்தேகம் இல்லை, ஆனாலும் ஊருக்கு நடுவில் ஒரு தடவையாவது எழுதிப் பார்த்தால்தானே தெரியும் என்றார். மேல வீதியில் ஒரு பயிற்சி மையம் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்துகிறது. அங்கே எழுநூற்றிருபதுக்கு ஐநூற்றைம்பது எடுத்தால் வெண்மதி வீட்டிலேயே படிக்கலாம். இல்லாவிட்டால் விடுதி. பாரம் நிரப்பப்பட்டு மாலதியின் கைப்பைக்குள் போனது.

சபாபதி ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க உற்சாகமாகவே இருந்தார். ராத்திரி சாப்பிடும்போது வெண்மதி மட்டும், விடுதியில் மீன் போடுவார்களா என்று ஒரு தடவை கேட்டாள். அதன் பிறகு அவருக்குத் தட்டிலிருந்த பருப்புச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. திங்கட்கிழமை பிற்பகல் சபாபதி குடையோடு மேல வீதி மாடிப்படி ஏறினார். அங்கே இருந்தது சுவேதா, தேர்வு நடத்துகிற பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

வெண்மதி வாங்கியிருந்தது பூஜ்யம்.

தாளை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வட்டங்களில், நட்ட நடுவில், எறும்பு கால் வைத்த மாதிரி ஒவ்வொரு புள்ளி. இயந்திரத்தின் கண்ணுக்கு அது வெற்றுத் தாள். சபாபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் விடைப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஐநூற்று அறுபத்தொன்று.

சபாபதிக்கு உயிர் வந்தது. அந்த மதிப்பெண்ணையே போட்டுவிடக் கூடாதா என்று கேட்டார். பெற்றோர் எண்ணுக்குத் தகவல் தானாகவே போய்விட்டது சார் என்றாள். சபாபதியிடம் இருப்பது பட்டன் வைத்த பழைய கைப்பேசி. அதனால் தேர்வுக்குப் பதியும்போது மாலதியின் எண்ணைக் கொடுத்திருந்தார்.

சுவேதா இன்னொன்றும் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "நான் அவகிட்டயே போயி சொன்னேன் சார், முழுசா ரொப்பணும்மான்னு. எங்க அப்பா இப்படித்தான் மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னுச்சி. சரி, மெஷினே சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டார். வெண்மதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "தாள்லயும் போட்டிருந்துச்சிப்பா. அவுங்களும் சொன்னாங்க. ஆனா நீங்கதான கரெக்டா சொல்லுவீங்க?" என்றாள். குரலில் துளி வருத்தம் இல்லை. தப்பு இயந்திரத்துடையது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சபாபதிக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வருடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருந்தார். அடுத்தவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார். முதலில் ஐநூற்று அறுபத்தொன்றைச் சொல்லி, மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். மாலதி பெட்டியிலிருந்து இறங்கும்போதே கைப்பேசியைத் திருப்பிக் காட்டியபடி இறங்கினார். ஒத்திகை வீணானது. சபாபதி நடந்ததை நடந்தபடி சொன்னார்: புள்ளி, ரப்பர், ஒன்பது நிமிடம், சுவேதா சொன்னது, மகள் சொன்னது. புள்ளி வரைக்கும் மாலதி முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். ஒன்பது நிமிடம் என்றதும் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பிறகு நிதானமாகப் பேசினார்.

"மார்க்கு இருக்குங்க. அது எனக்குத் தெரியிது. ஆனா நாளைக்கி நெசமான பரீட்சையில ஒருத்தங்க வந்து சொன்னா அவ கேக்கணுமே. நீங்க இதுவரைக்கும் யாரு சொல்லியாவது கேட்டிருக்கீங்களா? ஒங்களப் பாத்துதான அவளும் வளருறா."

சபாபதி குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அவ திரும்ப எழுதட்டும். நீங்களும் பணம் கட்டி, கூடவே ஒக்காந்து எழுதுங்க. பாரம் பையிலயே இருக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

இரண்டு பேருக்குக் கட்டணம் என்றதும் அவருடைய வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, மாலதியின் பையை வாங்கி சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார்.

மேல வீதி மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபது பிள்ளைகளும் ஒரு நாற்பத்தெட்டு வயதுக்காரரும் தேர்வெழுத உட்கார்ந்தார்கள். கடைசி வரிசை கிடைத்தது. பெஞ்சு பிள்ளைகளின் அளவு. அவர் முழங்கால் பலகையில் இடித்தது. பக்கத்துப் பெண், "அங்கிள், நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு மரியாதையாக இரண்டு அங்குலம் நகர்ந்துகொண்டாள். மூன்று வரிசை முன்னால் வெண்மதி உட்கார்ந்திருந்தாள். அப்பா நிஜமாகவே வந்துவிட்டாரா என்று ஏற்கெனவே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாயிற்று.

சுவேதா தாள்களைக் கொடுத்துவிட்டு முன்னால் நின்று விதிகளைப் படித்தாள். வட்டத்தை முழுவதும் நிரப்ப வேண்டும் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். யாரையும் பார்க்கவில்லை. சபாபதி ஒவ்வொரு விதிக்கும் தலையாட்டினார். ஐந்தாவது விதிக்கு அவரிடம் ஒரு மாற்றுக் கருத்து இருந்தது. வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. முதல் கேள்வி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடை இரண்டு. அவர்கள் கொடுத்த கறுப்புப் பேனாவை எடுத்து வட்டத்துக்குள் வைத்தார். கை பழக்கத்தில் ஒரு புள்ளியோடு எழும்பப் பார்த்தது. விடவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, கோடு தாண்டாமல், சுற்றிச் சுற்றி நிரப்பினார். நான்கு நொடி இல்லை, பத்து நொடிக்கு மேலேயே ஆனது. வெண்மதி மூன்றாவது தடவையாகத் திரும்பினாள்.

சபாபதி பலகையில் முழங்கால் இடிக்க எழுந்து நின்றார். ஒரு கையில் தாளை உயர்த்திப் பிடித்து, மறு கையின் ஆள்காட்டி விரலைப் பள்ளிப் பிள்ளை போல மேலே தூக்கி, அறை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

"மிஸ், இவ்ளோ ரொப்புனா போதுங்களா?"