அப்பாத்துரை அடிக்காத மலை

தச்சநல்லூரில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் அப்பாத்துரைக்கு நசுங்கிய வண்டியை நிமிர்த்தவும் தெரியும், நிமிர்ந்து நிற்கிற ஆளை நசுக்கவும் தெரியும். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். கோடைக்குக் குளுமை தேடிக் குடும்பத்தோடு போன மலையில் எல்லாம் யாராவது ஒருவனுக்கு ரத்தம் வந்திருக்கிறது.

இந்த வருஷம் பேத்தி பிறந்திருந்தாள். மே மாத வெயிலில் பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. மின்விசிறி போட்டால் அனல்தான் இறங்கியது. அப்பாத்துரை சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நினைத்த நேரமெல்லாம் வீட்டுக்கு ஓடி வருவார். பிள்ளை பொக்கை வாயைத் திறந்துவிட்டால் போதும், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"குளுமையா எங்கயாவது கொண்டு போவோம்லே," என்றார் மகன் குமரகுருபரனிடம்.

எங்கே என்பதில்தான் சிக்கல்.

"கொடைக்கானல் போவோமா அத்தை?" என்றாள் மருமகள் ஸ்னேகா.

"அங்கன குதிரைக்காரன் மூக்கை உடைச்சிட்டாருல்லா," என்றாள் அப்பாத்துரையின் மனைவி பேச்சியம்மாள். "நம்ம குமரன் அப்ப சின்னப் பய. ரத்தத்தைப் பாத்து குதிரை மேலயே மோண்டுட்டான்."

"அப்ப ஊட்டி?"

"படகுத்துறையில ஒருத்தன் தண்ணிக்குள்ள விழுந்தான். விழல, ஒங்க மாமா தூக்கிப் போட்டாரு."

"மூணாறு?"

"லாட்ஜ்காரன் பல்லு போச்சு. எங்க கல்யாண நாளு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுலதான் விடிஞ்சுது."

"குத்தாலம் போவலாம். ஆனா மே மாசம் வெறும் பாறைதான் கெடக்கும்," என்றார் அப்பாத்துரை.

"பாறை மட்டுமா? நீங்க அடிச்சுப் போட்டவனும் அங்கனதான் கெடப்பான்."

குமரன் மட்டும் சிரிக்கவில்லை. "மேகமலைக்குப் போவோம். அங்க நீங்க இன்னும் யாரையும் அடிக்கலை," என்றவன் அப்பாவை நேராகப் பார்த்தான். "ஒரே பேச்சுப்பா. அங்க நீங்க கை ஓங்கினா, பெறவு பாப்பாவத் தூக்கக் கூடாது. வீட்டுலயுந்தான்."

அப்பாத்துரை பேத்தியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "சரிலே," என்றார்.

குமரன்தான் வண்டியை ஓட்டினான். மேகமலை ஏறும்போது காற்று மாறியது. பேத்தி ஸ்னேகாவின் மடியில் தூங்கிப்போனாள். அப்போது ஒரு வளைவில் ஜீப் ஒன்று இறங்கி வந்து, மூக்கோடு மூக்காக நின்றது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். ஜீப்பில் தனியாக வந்தவன் விடவில்லை. இறங்கி வந்து பானெட்டில் குத்தினான். பெண்பிள்ளைகள் இருக்கிற வண்டி என்று பார்க்காமல் கெட்ட வார்த்தை பேசினான்.

அப்பாத்துரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். "பொறுலே, பின்னால எடு," என்றார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

ஜீப்காரன் பின்பக்கக் கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். பேத்தி வீறிட்டாள்.

குமரன் சீட்டுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பானரோடு இறங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் வண்டிக்குள் கேட்டது. அடுத்த அடி முட்டியில். ஜீப்காரன் மல்லாந்து விழுந்து, "அண்ணே வேண்டாம்ணே," என்று கையை நீட்டினான். அந்தக் கையிலும் விழுந்தது. பிறகு மண்டைக்கு நேராக ஸ்பானரை ஓங்கினான்.

"ஏலே! செத்துருவான்லே!"

குமரனுக்குக் காது கேட்கவில்லை. அப்பாத்துரை பாய்ந்து போய் மகனின் தாடையில் ஒரு குத்து விட்டார். தகரத்தை நிமிர்த்துகிற கை. குமரன் சுருண்டு விழுந்தான். ஸ்பானர் பள்ளத்தில் உருண்டது.

"இந்த மலையும் போச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பேச்சியம்மாள். அடித்த கையோடு முந்தானையைக் கிழித்து, ஜீப்காரனின் கையில் கட்டினாள்.

அவனைத் தூக்கித் தங்கள் வண்டியின் நடுசீட்டில் கிடத்தினார்கள். கீழே இறங்கி ஆஸ்பத்திரி போக வேண்டும். குமரன் ஸ்டியரிங்கைப் பிடித்தான், வண்டி இரண்டு தடவை எகிறி எகிறி அணைந்துபோனது.

"தள்ளுங்க, நான் ஓட்டுதேன்," என்றாள் ஸ்னேகா. அழுகிற பிள்ளையை மாமனாரிடம் நீட்டினாள்.

"ஏம்மா, நான் கை ஓங்கிட்டேன்லா..."

"பாத்தேன் மாமா. பிடிங்க."

அப்பாத்துரை மகனைப் பார்த்தார். குமரன் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். அவர் கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டுப் பேத்தியை வாங்கினார்.

பாதி மலை இறங்கியபோது குமரன் அவர் பக்கம் குனிந்தான். "எப்பா, போலீஸ் வந்தா நீங்க அடிச்சதாச் சொல்லுங்க. யாரும் சந்தேகப்பட மாட்டாவ."

"மாட்டேன்லே."

"எம்புட்டுப் பேரை அடிச்சிருப்பீய, இன்னொண்ணுதானப்பா."

"உள்ள நீ போ," என்றார் அப்பாத்துரை. "நான் பாப்பாவ வச்சிருக்கேன்லா."