பக்கத்துக்கு வெளியே போன வரி

கிவும்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் இடைவெளி அமைச்சர். வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கம்பாலாவில் வண்டெகேயா சந்தைக்கு எதிரே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகள் நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துவைக்கிற தரவுத்தள மென்பொருள் ஒன்றைச் செய்து இலவசமாகக் கொடுக்கிறோம். பதினோரு பேர் புரோகிராம் எழுதுகிறோம். கிவும்பி மட்டும் அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்கிறார். புதிதாக எதுவும் எழுத மாட்டார். நாங்கள் எழுதிப் போட்டதைச் சீராக்குவார். ஒரு பக்கத்தில் தலைப்பு பூதாகாரமாக இருக்கும், அடுத்த பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிற படிகள் நடுவில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எச்சரிக்கை வாசகம் கட்டளைப் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். காலை எட்டு மணிக்கு வந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து நேராக்குவார். இதற்கு ஒரு சம்பளமா என்று நான் காது படவே சொல்லியிருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் நாசர் சாலையில் ஓர் அச்சுக்கடையில் பதினான்கு வருஷம் இருந்தவர். விருந்து அழைப்பிதழ், இறுதிச்சடங்குத் தாள் என்று பக்கம் அமைப்பது வேலை. ஒருமுறை இறந்துபோனவரின் மூத்த மகள் பெயர் தாளின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுவிட்டதாம். அந்தப் பெண் சண்டை போடவில்லை. தாளைக் காட்டி, "எங்கப்பாவுக்கு நான் பாதிப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம். இந்தக் கதையை என்னிடம் மட்டும் இருபது தடவை சொல்லியிருப்பார். இருபது தடவையும் குரல் இறங்கிவிடும்.

ஒரு திருத்தத்தை அனுப்பும்போது கூடவே ஒரு குறிப்பும் எழுத வேண்டும். மற்றவர்கள் மூன்று சொல்லில் முடிப்பார்கள். கிவும்பி எனக்கு இப்படி எழுதுவார்: 'நகிட்டோ அம்மாவுக்கு வணக்கம். இரவு நன்றாகக் கழிந்ததா? வீட்டில் எல்லாரும் சுகமா? எங்கள் பக்கம் மழை வலுத்திருக்கிறது. அறுபதாம் பக்கத்தில் ஒரு வரிக்கு முன்னால் இரண்டு இடைவெளி கூடுதலாக இருந்தது, எடுத்துவிட்டேன்.' வழியில் ஒருவரைப் பார்த்தால் நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருவதை எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டோம்தான். ஆனால் கம்ப்யூட்டரிலுமா? திருத்தங்களைப் படித்து ஏற்றுக்கொள்வது என் வேலை என்பதால் தினமும் பத்து தடவை என் இரவு எப்படிக் கழிந்தது என்று அவரிடம் விசாரணை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்ச்சில் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களுக்கு ஒரே மூட்டையாகத் திருத்தம் அனுப்பினார். எனக்குத் தலை சுற்றியது. படிக்காமல் ஓரமாகப் போட்டுவைத்தேன். ஒரு வாரம் பொறுத்தவர், கையில் ஒரு அச்சுத்தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"நாபோ, மத்ததெல்லாம் மெதுவா பாருங்க. இந்த நாப்பத்தேழாம் பக்கம் மட்டும் இன்னைக்கே போகணும்."

நாபோ என்றால் எங்கள் பேச்சில் அம்மா மாதிரி, மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பக்கம், ஒரே நோயாளி இரண்டு முறை பதிவாகியிருந்தால் கூடுதலானதை நீக்குவது எப்படி என்று சொல்கிற பக்கம். அதிலிருக்கிற கட்டளை நீளமானது. திரையில் பார்த்தால் விரலால் தள்ளி முழுதும் படிக்கலாம். தாளில் அச்சிட்டால் ஓரத்தோடு வெட்டுப்பட்டுவிடுகிறது. 'இரட்டையானவற்றை மட்டும்' என்கிற நிபந்தனை வரியின் வாலில் இருந்தது. வால் போனால் மிச்சமிருப்பது, அட்டவணை முழுவதையும் அழி என்கிற கட்டளை.

"இந்தக் காலத்துல யாரு கையேட்டப் பிரிண்ட் போடுறாங்க?" என்று கேட்டேன்.

"நெட்டு இல்லாத ஊர்ல வேற என்ன செய்வாங்க? கீழ ஜெராக்ஸ் கடைல வந்து பாருங்க. வாரத்துக்குப் பத்து பேரு சுருள் பைண்டிங் போட்டு வாங்குறாங்க."

"போட்டா போடட்டும். கடைசில அரைப்புள்ளி இல்லன்னா கட்டளை ஓடவே ஓடாது. ஒண்ணும் ஆகாது."

"அரைப்புள்ளிய அவங்களே போட்டுக்குவாங்க, நாபோ. எல்லாக் கட்டளையும் அரைப்புள்ளில முடியணும்னு மொதப் பக்கத்துல எழுதி வச்சது யாரு?"

அதுவும் நான்தான். சரியாகப் பேசுகிறவர்மேல் வருமே ஒரு கோபம், அது வந்தது. அடுத்த மாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். அவர் வாதாடவில்லை. தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் அதன்மேல் என் ரோலெக்ஸை வைத்துத் தின்றேன். சப்பாத்தியில் சுருட்டிய முட்டையிலிருந்து எண்ணெய் இறங்கித் தாளில் வட்டமாக ஊறியது. மிச்சத்தை அதிலேயே சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. வீட்டு முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், எட்டு மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். சொரோட்டிக்கு அப்பால் ஒரு சின்ன மருத்துவமனையின் பதிவுப் பொறுப்பாளர் அமோடிங், எங்கள் உதவி எண்ணுக்கு முந்தின நாள் மாலை எழுதியிருந்தாள். 'கையேடு நேற்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது, நன்றி. நாளைக் காலை ஏழு மணிக்கு நாற்பத்தேழாம் பக்கத்தில் உள்ளபடி இரட்டைப் பதிவுகளை நீக்கப்போகிறேன். எங்கள் கம்ப்யூட்டரில் இடமில்லை, அதனால் நகல் எடுத்துவைக்க முடியவில்லை.'

அவள் கையில் இருந்தது ஒன்பது வருஷத்துப் பிரசவப் பதிவுகள். எந்தத் தாய்க்கு என்ன ரத்தவகை, யாருக்கு முன்பே அறுவை நடந்தது, யாருக்குப் போன தடவை உதிரப்போக்கு நிற்கவில்லை, எல்லாம் ஒரே அட்டவணையில். வேறெங்கும் நகல் இல்லை.

என் பைக்குள் கிடந்த எண்ணெய்த் தாளை எடுத்து முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். வரி ஓரத்தில் அறுந்து நின்றது. என்னை அறியாமல் தாளின் ஓரத்தை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. கிவும்பியைக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. அக்காள் மகளுக்கு மாப்பிள்ளையை வீட்டாரிடம் அறிமுகப்படுத்துகிற குவாஞ்சுலா விருந்து என்று மசாக்கா போயிருந்தார். அமோடிங்கை ஐந்து முறை கூப்பிட்ட பிறகு எடுத்தாள்.

"மேடம்! எப்படி இருக்கீங்க? ராத்திரி நல்லாக் கழிஞ்சுதா?"

நல்லா கழிஞ்சுது என்றேன். கம்பாலாவில் மழையா என்றாள். மழைதான் என்றேன். போன தடவை பேசியபோது என் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தேன், அது தேவலையா என்றாள். நடுவில் வெட்டி, நாற்பத்தேழாம் பக்கம் என்று ஆரம்பித்தேன். முழங்காலுக்குப் பதில் வராமல் அவள் அடுத்த பேச்சுக்கு வருவதாக இல்லை. தேவலை, தேவலை என்றேன்.

"நல்லது மேடம். அந்த வேலைய ஏழு மணிக்கே முடிச்சிட்டேன்."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பதிவு அழிந்தது என்று கேட்டேன்.

"நானூத்திப் பன்னெண்டு. மிச்சம் இருபதாயிரத்துச் சொச்சம் அப்படியே இருக்கு. ஏன் மேடம், ஜாஸ்தி போயிடுச்சா?"

"அந்த வரி... உன் புஸ்தகத்துல முழுசா இருந்துச்சா?"

"அச்சுல பாதிதான். மீதியத்தான் உங்க ஆபீஸ்ல பச்சை மைல எழுதி விட்டுருந்தீங்களே. இருங்க, படிக்கிறேன்."

கட்டளையின் வாலை எழுத்து எழுத்தாகப் படித்தாள். அதன் கீழே எழுதியிருந்ததையும் படித்தாள்: 'பதிவுப் பொறுப்பாளருக்கு வணக்கம். இரவு நன்றாகக் கழிந்ததா? வரி பக்கத்துக்கு வெளியே போய்விட்டது, மீதி இது. சிரமத்துக்கு மன்னிக்கவும். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.'

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஆளுக்கு மத்தியானச் சோறு கிடையாதா? ரெண்டு வாரமா அந்த நேரத்துக்கு வந்து ஒக்காந்து, கட்டி வச்ச புஸ்தகத்தையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு எழுதிட்டுப் போறாரு. போன வாரம் பஸ்ல ஏறப்போனதக்கூட நிறுத்தி வாங்கி எழுதினாரு." அவர் எழுத வருவதற்கு முன்பே விற்றுப்போன புத்தகங்களைப் பற்றிக் கேட்டேன். யார் வாங்கினார்கள் என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் போன் போட்டுவிட்டாராம்.

மாடியேறி வந்து அந்த மூட்டையைத் திறந்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். வரிக்கு வரி படிக்க இரண்டு நாள் ஆனது. ஒரு இடைவெளிகூட வீணாக வைக்கப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அந்த மனுஷன்மேல் பிரியமாக இருந்தது.

ஏற்றுக்கொள்கிற இடத்தில் வழக்கமாக 'சரி' என்று மட்டும் எழுதுவேன். அன்று எழுதினேன்: 'கிவும்பி ஐயாவுக்கு வணக்கம். இரவு நன்றாகக் கழிந்ததா? மசாக்காவில் விருந்து சிறப்பாக நடந்ததா? வீட்டில் எல்லாரும் சுகமா? இரண்டு வாரம் உங்கள் மதியச் சோற்றைக் கெடுத்தவள் நான்தான்.  மன்னித்துவிடுங்கள். எல்லாப் பக்கங்களையும் ஏற்றுக்கொண்டேன்.'

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'நகிட்டோ அம்மாவுக்கு வணக்கம். இரவு நன்றாகக் கழிந்தது. விருந்தும் சிறப்பு, மாப்பிள்ளை நல்ல பையன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் தேவலையா? "மன்னித்துவிடுங்கள்" என்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி கூடுதலாக இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.'

எடுத்துவிட்டேன்.