மேட்டில் தட்டிய என்ஜின்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரில், வெர்னா க்ராடொக்வில் என்பவள் பெட்ரோல் பங்க் நடத்திய காலத்தை இன்றும் ஆசையாகச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்தளத்தில் என்ஜின் பழுதுபார்த்தவள். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாள். கணவன் இறந்தபின் பங்கைத் தனியாகவே பார்த்துக்கொண்டாள்.

1974 கோடையில் டெல்மர் யூர்கென்ஸ் வந்து நின்றார். சோள விவசாயி, மனைவியை இழந்தவர். அவருடைய பழைய பெரிய கார், மேடேறினால் தகர டப்பாவில் கோலி உருள்வதுபோல் தட்டுகிறதாம். பெட்ரோலில் கலப்படம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

வெர்னா கோபப்படவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, ஆற்றோர மேடுவரை போய் என்ஜின் சத்தத்தைக் கேட்டாள்.

"பெட்ரோல்ல தப்பில்ல டெல்மர். உங்க என்ஜின் பெட்ரோல அதிகமா அழுத்துற ரகம். அதத் தாங்குற பழைய உயர் ஆக்டேன் பெட்ரோல் இப்ப வர்றதில்ல. பாதி எரியுறப்பவே மிச்சம் தானா வெடிக்குது. பொறிய ஒரு துளி தாமதமா விழ வச்சா நின்னுடும்."

"வேகம் போயிடுமே?"

"கொஞ்சம் குறையும். நீங்க என்ன ரேஸுக்கா போறீங்க?"

பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, லேசாகத் திருப்பி, அது நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். தட்டல் நின்றது.

அடுத்த வியாழன் டெல்மர் மறுபடி வந்தார், மறுபடி தட்டுகிறதாம். திறந்து பார்த்தாள். கோடு விலகியிருந்தது. சரிசெய்து அனுப்பினாள். மறுவாரமும் அதே கதை. நான்காம் முறை பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார்.

"இது தானா திரும்பாது டெல்மர். ஸ்பேனர் போட்டாத்தான் திரும்பும்."

அவர் காது சிவந்தது. "வேற என்ன சொல்லிட்டு வர்றதுன்னு தெரியல."

"அதுக்காக இப்படித் தட்டவிட்டு பிஸ்டன்ல ஓட்ட போட்டுக்குவீங்களா? சும்மாவே வாங்க. காப்பி எப்பவும் இருக்கும்."

மறு வருடம் கல்யாணம். மாதா கோயில் கூடத்தில் ஊரே போல்கா நடனம் ஆடியது. வேகம் குறைந்த அந்தக் காரிலேயே பதினாறு கோடைகள் மலைப்பக்கம் போய்வந்தார்கள். டெல்மர் ஓயாமல் பேசுவார். மேடு வந்தால் மட்டும், அவள் என்ஜினைக் கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொள்வார். டெல்மர் இறந்தபிறகு, அவர் பேசியதெல்லாம் மறந்துபோச்சு, மேட்டில் அவர் சும்மா இருந்த நேரம்தான் மனசில் நிற்கிறது என்று வெர்னா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.