ரேடியேட்டரில் கட்டிய பனியன் துணி

லாரியின் ரேடியேட்டருக்கு முன்னால் பனியன் துணியைக் கட்டியது நான்தான். வேறு யாருமில்லை.

நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கத்து நிட்டிங் கம்பெனிகளில் துணி ரோல் ஏற்றிச் சாயப்பட்டறையில் இறக்குகிற வண்டி எங்களுடையது. கம்பெனி வாசலில் நின்றாலே பஞ்சு பறந்து வந்து ரேடியேட்டரை அடைக்கும். இந்த ஊரில் எதற்கும் கைக்கு வருவது வேஸ்ட் துணிதான். நானும் ஒன்றை நாலாக மடித்து முன்பக்கம் கட்டினேன். பஞ்சு நின்றது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி சூடானது. டிரைவர் தென்காசிப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர்.

"ஃபேன் சரியாப் பிடிக்க மாட்டேங்குக்கா. இந்தத் துணிய அவுத்துருவோம்."

அவர் அவிழ்ப்பார். நான் மறுபடி கட்டுவேன்.

"கியர் போடத் தெரியாம இழுத்துப்போட்டு, துணி மேல பழியப் போடறீங்களா?" என்று லோடுமேன்கள் முன்னால் கத்தினேன். அவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டேனா? லாரி ஸ்டாண்டில் இன்னொரு வண்டிக்காரரிடம், "எஞ்சினக் கொல்ற ஆளுங்க அவரு" என்று சொல்லியும் வைத்தேன்.

போன வாரம் பெருமாநல்லூர் அருகே வண்டி கொதித்து நின்றது. டிரைவர் போன் செய்தார். "ஆறட்டும்னு உக்காந்துட்டு இருக்காதீங்க. சாயப்பட்டறையில காத்துட்டு இருக்காங்க, தண்ணிய ஊத்திட்டுக் கெளம்புங்க" என்றேன். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். கொதிநீர் பீறிட்டு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு முதலில் துணியைத்தான் பிய்த்து எறிந்தார். பிறகு ஃபேன் கிளட்ச்சைக் காட்டினார். எஞ்சினுக்கும் ஃபேனுக்கும் நடுவே இருப்பது அது. உள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய், முன்னால் ஒரு சின்னச் சுருள் தகடு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று பட்டால் தகடு முறுக்கி வழியைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்து பிடித்துக்கொள்ள, ஃபேன் வேகமெடுக்கும். ஆறினால் எண்ணெய் திரும்பிவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றும், டீசல் மிச்சம்.

"காத்தே வராம நீங்க அடைச்சுப்போட்டீங்க. எஞ்சின் கொதிக்கறது அந்தத் தகட்டுக்கு எப்படிங்க தெரியும்? கிளட்ச் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

டிரைவர் சொன்னதும் இதைத்தான். நான் கேட்கவில்லை.

மண்ணரையில் டிரைவர் வாடகைக்கு இருந்த லைன் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதாங்க தம்பி. கை ஆறட்டும், வண்டிய நீங்களே ஓட்டுங்க" என்றேன்.

"வேண்டாம்க்கா. ஸ்டாண்டுல ஒரு வண்டிக்காரர்ட்ட வேல கேட்டேன். நான் எஞ்சினக் கொல்லுத ஆளாம்லா? நீங்கதான் சொன்னீயளாம்."

"கை ஆறின பொறவு இவருக்கு எவன் வேல குடுப்பான்? நீங்களே சொல்லுங்க" என்றார் மனைவி. சோற்றுக் கை அப்படியே நின்றது.

அங்கேயே அந்த வண்டிக்காரரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிரைவரப் பத்தி உங்ககிட்டச் சொன்னேன்லங்க, அது தப்புங்க. வண்டிய நாந்தான் கெடுத்தேன்."

"ஏனுங்க, என்னாச்சு?"

துணி கட்டியதிலிருந்து கை வெந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர், "கை ஆறினதும் என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவி அடுத்த கவளத்தை உருட்டினார்.