கைராசிக்கு ஒரு விலை

பம்பாய் மாதுங்காவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எவராவது நின்றால், வழியில் போகிறவர்கூட ஒரே பெயரைத்தான் சொல்வார்: கிங்ஸ் சர்க்கிள் வேங்கடசுப்ரமணியன். படிப்பில் அவரைவிடப் பெரியவர்கள் இருந்தார்கள். தாதரில் சீமைப் பட்டம் வாங்கிய ஒருவரே இருந்தார். இருந்து என்ன? கைராசி என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தக் காலேஜிலும் கொடுப்பதில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பங்கள் பிரசவத்துக்கு ஊருக்குப் போகும். பல்லுக்கு இவரிடம்தான் வரும்.

அந்தக் கைராசிக்காரரின் இடது ஆள்காட்டி விரல் 1942-ல் அழுகத் தொடங்கியது.

முதலில் நகத்தோரம் ஒரு வெடிப்பு. நகச்சுற்று என்றாள் மனைவி வாலாம்பாள். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து, மஞ்சளும் உப்பும் வைத்து, விரலில் தொப்பி போலச் செருகிவிட்டாள். நம்மவர் வீட்டில் நகச்சுற்றுக்கு வேறு என்ன வைத்தியம்? பழம் மாறி மாறி வந்தது, விரல் ஆறவில்லை. கறுத்தது, தோல் மரப்பட்டை மாதிரி ஆயிற்று, ராத்திரியில் உயிர் போகிற எரிச்சல். கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் பரேலுக்குப் போய்ப் பெரிய சர்ஜன் ஒருவரிடம் காட்டினார்.

சர்ஜன் பழத்தை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கும்போது வாய்க்குள் ஃபிலிமைப் பிடிப்பது யார்?

வேறு யார், இவர்தான். பல்லை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் ஒரு துண்டு ஃபிலிமைப் பல்லுக்குப் பின்னால் அசையாமல் பிடிக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் நோயாளியின் விரலையே உள்ளே விட்டுப் பிடிக்கச் சொல்வார்கள். வலியில் துடிக்கிற மனிதர்களை அப்படிப் படுத்துவானேன் என்று இவர் தன் விரலை விட்டுப் பிடித்துக்கொள்வார். மெஷின் வந்த நாளிலிருந்து, ஒரு பதினைந்து வருஷமாக, இதுவே வழக்கம். குழந்தைகள் கடிக்கும். கடித்தாலும் எடுக்க மாட்டார்.

அந்தக் கதிர்தான் விரலை வேக வைத்திருக்கிறது என்றார் சர்ஜன். விரலை எடுத்தாக வேண்டும். அத்தோடு நிற்குமா என்றால் சொல்ல முடியாது. மெஷின் பக்கமே இனிப் போகக்கூடாது.

வீட்டுக்கு வந்து வாலாம்பாளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கணக்குப் போட்டாள். பிள்ளை இல்லை. வாடகை வீடு. ஊரில் காணி நிலம் கிடையாது. இருந்ததெல்லாம் அந்த டிஸ்பென்ஸரி ஒன்றுதான். நல்ல விலைக்குப் போனால் கடைசிக் காலத்துக்குச் சோறு. ஆனால் டாக்டரின் கையையே அவருடைய மெஷின் தின்றுவிட்டது என்று வெளியே தெரிந்தால் எவன் வாங்குவான்? கைராசி, கைராசி என்று கொண்டாடின ஊர் அந்தக் கையைப் பார்த்து விலகிப் போகாதா?

"ஏன்னா, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதேங்கோ" என்றாள். "வித்து முடியட்டும். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மறுபடியும் ஒரு பழத்தைக் குடைந்தாள். இந்தத் தடவை வைத்தியத்துக்கு அல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; அழுகின விரலை ஓர் எலுமிச்சம்பழத்தில் மறைத்துவிடலாம். பார்த்தவர்கள் எல்லோரும் நகச்சுற்றா என்று கேட்டு, ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டுமே!

வாங்க வந்தவன் சந்திரமௌலி. பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு ஓரிடத்தில் உதவியாளாக இருந்தவன். அப்பா நிலத்தை விற்றுக் கொடுத்த பணம் கையில் இருந்தது. நல்ல பையன், அதுதான் கஷ்டம். தில்லுமுல்லுக்காரனாக இருந்திருந்தால் வேங்கடசுப்ரமணியனுக்கு இவ்வளவு குடைச்சல் இருந்திராது. பையன் நாற்காலியைத் தட்டிப் பார்த்தான். காலால் மிதிக்கிற டிரில்லுக்கு விலையே போட முடியாது என்றான். மெஷினைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சண்டையில் கப்பல் போக்குவரத்து நின்றுபோய், அந்த மாதிரிச் சாமான் பம்பாயில் காசு கொடுத்தாலும் கிடைக்காத காலம் அது.

சாமானுக்கு விலை போட்டாயிற்று. நாற்காலியும் மெஷினும் எங்கேயும் வாங்கலாம், ஜனம் வருவதற்கு என்ன விலை? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தான் சந்திரமௌலி. நாலு டாக்டரைத் தாண்டி இங்கே ஏன் வருகிறீர்கள் என்று விசாரித்தான். பல் போனால் சொல் போச்சு, அதனால் நல்ல இடமாகப் பார்த்து வருகிறோம் என்று வேடிக்கையாகச் சொன்னவர்கள்கூட, பிறகு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க, நகச்சுற்றைக் காரணம் காட்டி, வேங்கடசுப்ரமணியன் மெஷினைத் தொடவே இல்லை.

வாரக் கடைசியில் சந்திரமௌலி உள்ளே வந்து, கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்தான்.

"எல்லாரும் ஒண்ணைத்தான் சொல்றா மாமா. எங்க விரலை விடச் சொல்ல மாட்டார், தன் விரலை விட்டுப் பிடிச்சுப்பார்னு. அந்த விரலைத்தான் நான் வாங்கறேன். நானும் அப்படியேதான் பண்ணப்போறேன்."

வேங்கடசுப்ரமணியன் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. நோயாளியே பிடித்துக்கொள்ளட்டும், நீ எட்டி நில் என்று இன்னொரு வார்த்தை. ஏன் என்று கேட்பான். கேட்டால் பழத்தைக் கழற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் விலை போயிற்று, சோறும் போயிற்று. பழம் மாற்ற வந்து திரைக்குப் பின்னால் நின்ற வாலாம்பாள் இவரையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"அந்த மெஷின்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். "ஒயர் திறந்து கிடக்கு. தலையைக் கொண்டு போயிடாதே."

எச்சரித்தாராம்! ஒயரில் ஷாக் அடிக்கும் என்பது பெஞ்சு துடைக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பிற்பாடு பல ராத்திரிகளில் இந்த வார்த்தையைத்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஜாக்கிரதை என்று சொன்னேனே என்று.

விஜயதசமியன்று கை மாறிற்று. வாலாம்பாள் விளக்கேற்றினாள். போணிக்கு வந்தது ஒரு சின்னப் பெண், கடைவாய் வீங்கியிருந்தது. சந்திரமௌலி ஃபிலிமை அவள் வாய்க்குள் வைத்து, தன் இடது ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுவிட்சைப் போட்டான். மெஷின் உறுமிற்று. பெண் பயத்தில் கடித்தாள். அவன் விரலை எடுக்கவில்லை. சரியாகச் செய்கிறேனா என்று திரும்பி இவர் முகத்தைப் பார்த்தான்.

"பேஷ்" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. ஒரு விரல் போயிற்று, மறு வருஷம் பக்கத்து விரலும் போயிற்று. ரயில் கதவில் மாட்டிக்கொண்டது, புண் ஆறவில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். பம்பாயில் இதை நம்பாதவர் யார்? செம்பூரில் சின்னதாக ஒரு வீடு அமைந்தது, பஞ்சமில்லாத சாப்பாடு. கையை ஜிப்பாப் பையிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். மாதுங்காப் பக்கம் போவதை விட்டார். குர்லா மார்க்கெட்டோடு திரும்பிவிடுவார். தெரிந்தவர்கள் வந்தால் மட்டும் சந்திரமௌலி எப்படி இருக்கிறான் என்று கேட்பார். ஓஹோ என்று இருக்கிறான், உங்கள் மாதிரியே தன் விரலை விட்டுத்தான் பிடிக்கிறான், அப்படியொரு கைராசி என்பார்கள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. சொல்லி அனுப்பலாமா என்று நினைப்பார். இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே, சண்டை முடிந்து புது மெஷின் வாங்கியிருப்பானோ என்னவோ என்று தள்ளிப்போடுவார். தள்ளித் தள்ளியே ஏழு வருஷம் போய்விட்டது.

1949-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரமௌலியே செம்பூருக்கு வந்தான். பிள்ளைக்கு ஆயுஷ்ய ஹோமமாம். முதல் அழைப்பு மாமாவுக்குத்தான் என்றான். உடம்பு சற்றுப் பூரித்திருந்தது. வலது கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. இடது ஆள்காட்டி விரலில் ஓர் எலுமிச்சம்பழம்.

காபியோடு வந்த வாலாம்பாள் நடுவழியில் நின்றாள்.

"ஒண்ணுமில்லை மாமி, நகச்சுற்று" என்று சிரித்தான். "ஆத்துல பழத்தைச் செருகி விட்டிருக்கா. சனியன், ஆறவே மாட்டேங்கறது."

வேங்கடசுப்ரமணியன் மனைவியைப் பார்த்தார். அவள், அன்றைக்குத் திரைக்குப் பின்னால் அசைத்த மாதிரியே, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பழத்தை எடு" என்றார் அவர்.

சந்திரமௌலி ஒன்றும் புரியாமல் கழற்றினான். நகம் கறுத்திருந்தது. அதைச் சுற்றித் தோல் மரப்பட்டை மாதிரி இருந்தது. வேங்கடசுப்ரமணியன் ஜிப்பாப் பையிலிருந்து தன் கையை எடுத்தார். மேஜைமேல், அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். போன விரல்களின் அடியில் எஞ்சியிருந்த தோலும் அதே நிறம்தான். பையன் படித்தவன். இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துகொண்டு வருவது முகத்தில் தெரிந்தது.

"ரயில் கதவுல மாட்டிண்டதுன்னேளே, மாமா" என்றான்.